ஒன்றரைச் சிப்பம்

எங்கள் தெருமுனை அரிசி மண்டியின் தராசில் ராணியை ஏற்றி நிறுத்தினேன். 39.2 கிலோ. "ஒன்றரைச் சிப்பத்துக்கு மேலயே வருது சார்" என்று மண்டிக்காரர் சிரித்தார். சிப்பம் என்றால் 25 கிலோ அரிசி மூட்டை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராணி எங்கள் வீட்டு லேப்ரடார், ஆறு வயதுப் பெட்டை. கருத்தடை அறுவை செய்து நான்கு வருடம் ஆகிறது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடத் தொடங்கியிருந்தாள்.

டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். "புறங்கையைத் தடவிப் பாருங்க, எலும்பு தட்டுப்படுதா? விலாவும் அப்படித் தட்டுப்படணும். இவளுக்கு உள்ளங்கை மாதிரி இருக்கு." உடல் பருமனுக்கு ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண் போட்டார். படிப்பில் என்றால் இனிப்பு கொடுத்திருக்கலாம். இதில் நாலு, ஐந்துதான் நல்ல மதிப்பெண்ணாம். தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

இலக்கு 30 கிலோ. ஒரு நாளைக்கு 900 கலோரி. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, பட்டினி போடவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அம்மா காலைக் காபிக்கு நாலு, மாலைக் காபிக்கு நாலு என்று மேரி பிஸ்கட் போடுவார். ஒன்றுக்கு இருபத்தைந்து கலோரி வைத்தாலும் 200. இது போக, நெய் விட்ட பருப்புச் சோறு, என் மகள் மேசைக்கு அடியில் தள்ளும் சப்பாத்தி. ராணிக்கென்று வாங்கிய உலர்தீனி இதற்கெல்லாம் மேலே.

அப்புறம் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்தோம். காலையில் சமையலறைத் தராசில் அன்றைய தீனியை நிறுத்து அதில் போட்டுவிடுவேன். யார் கொடுக்க ஆசைப்பட்டாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், காலியானால் அவ்வளவுதான். தட்டு நிறையத் தெரிய, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸும் சுரைக்காயும் கொஞ்சம் சேர்த்தோம். நடை காலை ஐந்தரைக்கு. திருச்சி வெயிலில் ஏழரைக்கு மேல் தார்ச்சாலையில் அவள் பாதம் வைக்க முடியாது. முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல நாற்பது.

முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. மூன்றாவது மாதம் முள் அசையவே இல்லை. டப்பாவைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் சீக்கிரம் வீடு திரும்பியபோது கொல்லையில் அம்மா தயிர்சாதம் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டே இருக்குடா. வாயில்லா ஜீவன், பாவம்."

அம்மாவிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்கவிடாத ஒரு மரபணுக் கோளாறு இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்ததைச் சொன்னேன். "எவ்வளவு போட்டாலும் அது பாத்துட்டேதாம்மா இருக்கும்." அம்மா பதில் பேசவில்லை. அன்று ராத்திரி ராணி படியேற முடியாமல் நின்றதை அவரும் பார்த்தார். மறுநாளிலிருந்து தயிர்சாதம் நின்றது. பிஸ்கட் நிற்கவில்லை, ஒரே மேரியை எட்டாக உடைத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். எட்டுத் தடவை வாலாட்டல். ராணிக்கு எண்ணிக்கைதான் கணக்கு போலிருக்கிறது. அந்த ஒரு பிஸ்கட்டையும் நான் டப்பாக் கணக்கில் கழித்துவிடுவேன்.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஐப்பசி மழையில் நடை நின்றுபோய் அரைக்கிலோ ஏறி, மறுபடி இறங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை, யாரும் தூக்கிவிடாமல் தானே தராசில் ஏறி நின்றாள். 31.3.

மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒன்னேகால் சிப்பம் சார்."