ஒரே வயிறு, ஒரே முகாம்

நேற்று ஒரு இலங்கைத் தமிழர் அகதி முகாமில் அக்காவும் தம்பியும் தங்கள் பிறப்புச் சான்றிதழ்களை என் முன்னால் பரப்பி வைத்தார்கள். மடித்து மடித்து நடுவில் கிழிந்ததை செலோடேப் ஒட்டி வைத்திருந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். அக்கா 1985, தம்பி 1989.

குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அப்புறம், தம்பியைப் போல 1989-ல் பிறந்தவருக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இவர்களின் பெற்றோர் இந்தியக் குடிமக்கள் இல்லை. அதனால் பிறப்பால் குடியுரிமை பெற அக்காவுக்கு வழி உண்டு, தம்பிக்கு இல்லை.

"ஒரே வயித்துலதானண்ணே பொறந்தோம்?" என்று கேட்டார் தம்பி. எனக்குப் பேச்சு வரவில்லை.

இவர்களின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டி தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. பொருளையா பிரித்தார்கள்? மனிதர்களை! இந்தக் குடும்பம் எந்தப் பங்கிலும் சேராமல் 1983 கலவரத்தில் படகேறியது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை.

தம்பிக்காக நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும். தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். முகாமில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் யாரையாவது தெரியுமா? முதலில் அந்தப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மனு எழுத நான் வருகிறேன்.