கழுத்துக் கடைசல் கருவி: கட்டரைவிட மேண்ட்ரெல்தான் முக்கியம்

துல்லியச் சுடுதலுக்குத் தோட்டாவை மறுநிரப்பு செய்பவர்கள், கேஸ் என்ற பித்தளைக் கூட்டில் குண்டைப் பிடிக்கும் கழுத்தை வெளிப்பக்கம் சீவிச் சுவரை ஒரே தடிமனாக்கும் கழுத்துக் கடைசல் கருவி வாங்கும்போது முதலில் கட்டரின் கூர்மையையும் திருகின் நுண்அளவையும்தான் பார்ப்பார்கள். உண்மையில் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மேண்ட்ரெல்தான். கழுத்துக்குள் நுழைகிற அந்தத் தண்டுக்கும் கட்டருக்கும் உள்ள இடைவெளியே கடைசியில் கழுத்துச் சுவரின் தடிமன். கழுத்து தண்டின்மேல் தளர்வாக இருந்தால் கேஸ் ஆடும். பித்தளையில் திருகுமரை போலக் கோடு விழும். இறுக்கமாக இருந்தால் சூடேறும்.

அதனால் மேண்ட்ரெலை ஜோடியாக வாங்குங்கள். 6 மி.மீ. தோட்டாவுக்குக் குண்டின் விட்டம் 0.243 அங்குலம். கழுத்தை விரிக்கும் மேண்ட்ரெல் சுமார் 0.242, கடையும் மேண்ட்ரெல் சுமார் 0.241 இருக்க வேண்டும். விரித்தபின் பித்தளை கொஞ்சம் சுருங்கும் என்பதற்காகத்தான் இந்த ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம். ஒரே நிறுவனத்தின் ஜோடி என்றால் இந்தப் பொருத்தம் பெரும்பாலும் தானே அமையும். கே அண்ட் எம், சின்க்ளேர், ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி, பி.எம்.ஏ. ஆகியவை இப்படித் தருகின்றன.

அடுத்தது கட்டரின் சாய்வு. அது கேஸின் தோள் (உடலிலிருந்து கழுத்துக்குச் சரியும் பகுதி) கோணத்தோடு ஒத்திருக்க வேண்டும்: .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 20 டிகிரி, 6 பி.பி.சி., 6.5 கிரீட்மூர் இரண்டுக்கும் 30. கட்டர் தோளை மெல்லத் தொட்டு, ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு விழும் இடத்தில் நிறுத்துங்கள். தொடாமல் விட்டால் கழுத்தின் அடியில் தடித்த வளையம் மிஞ்சி, பின்னால் உள்பக்கம் பிதுங்கும். ஆழமாகப் போனால் அந்த இடத்திலேயே கழுத்து அறும். கேஸ் வாயில் முட்டி நிற்கும் வகைக் கருவி என்றால், முன்பே எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு வேறு இடத்தில் விழும்.

சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். தொடர்ந்து கடைந்தால் தண்டும் உடலும் விரிந்து, முதல் கேஸுக்கும் இருபதாவதுக்கும் அளவு மாறும். கருவியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பானால் ஆற விடுங்கள். ஒவ்வொரு கேஸுக்கும் கழுத்தின் உள்ளே உயவு மெழுகு தடவுங்கள். தண்டில் பித்தளை ஒட்டத் தொடங்கினால் அடுத்த கேஸின் உள்பக்கம் கீறிவிடும். இதில் கார்பைடு தண்டு எஃகைவிட நன்றாகத் தாங்குகிறது.

எவ்வளவு எடுப்பது? சுவரில் ஒரு தவ் குறைந்தால் கழுத்தின் விட்டம் இரண்டு தவ் குறையும். தொழிற்சாலையிலேயே அறை (தோட்டா உட்காரும் குழி) வெட்டிய துப்பாக்கிக்கு மேடான இடங்களை மட்டும் எடுத்தால் போதும். சுற்றளவில் முக்கால்பங்கு பளபளத்தால் நிறுத்துங்கள். 0.262 கழுத்துள்ள 6 பி.பி.சி. அறைக்குச் சுவர் 0.0085 என்றால், குண்டு ஏற்றிய கழுத்து 0.260, இடைவெளி 0.002. இந்த இடைவெளி இல்லாமல் போனால் கழுத்து குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் ஆபத்தாக ஏறும். அறையின் அளவு தெரியாமல் கடைசலைத் தொடங்கவே கூடாது. கடைந்தபின் கழுத்தை மீண்டும் அளவுக்குச் சுருக்கும் சைசிங் டையில் உள்ள புஷிங் என்ற வளையத்தையும் அதற்கேற்பச் சிறியதாக மாற்ற வேண்டும்.

கருவியோடு உருண்டை முனை மைக்ரோமீட்டரும் வாங்குங்கள், வெர்னியர் இதற்கு உதவாது. கடைவதற்கு முன்பே கழுத்துச் சுவரை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இரண்டு தவ்வைத் தாண்டினால் அந்தக் கேஸை ஒதுக்கிவிடுங்கள். கழுத்தில் உள்ள கோணல் பெரும்பாலும் உடல்வரை ஓடும், அதை எந்தக் கட்டரும் நேராக்காது.