கழுகுமலை வெட்டுவான் கோயில்: பாதியில் நின்ற உளி

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் 20 கிலோமீட்டரைத் தாண்டியதும் கழுகுமலை வந்துவிடுகிறது. பேருந்தைவிட்டு இறங்குபவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்திலுள்ள கழுகாசலமூர்த்தி கோயிலை நோக்கி நடக்கிறார்கள். அதன் கருவறையும் குடைவரைதான் என்றாலும் நான் வந்த காரியம் மலைமேல் இருந்தது. பாண்டியர் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கப்பட்டு, முடிவு காணாமலேயே நின்றுபோன வெட்டுவான் கோயில் அங்கேதான் இருக்கிறது.

கருவறைக்கு மேலே எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய நமக்கு இந்தக் கோயில் முதலில் காட்டுவது அதன் தலையைத்தான். சரிந்திறங்கும் பாறையில் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் விட்டுவைத்த கல்லையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். அகழியின் விளிம்பில் நின்றால், வேறெந்தக் கோயிலிலும் தொலைவில் புள்ளியாகத் தெரியும் சிகரத்துச் சிற்பங்கள் இங்கே நம் கண்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

மேலே சிகரம் முழுமையாக இருக்கிறது. அதற்குக் கீழே கழுத்துப் பகுதியும் அதைச் சூழ்ந்த நந்திகளும் பூதகணங்களும் நுணுக்கமாக முடிந்திருக்கின்றன. இன்னும் கீழிறங்கினால் சுவர்கள் தோராயமாக உருவம் பெற்ற நிலையிலேயே நின்றுவிட, அடிப்பகுதி வெறும் பாறையாகிவிடுகிறது. கட்டப்படும் கோயில் அடித்தளத்திலிருந்து எழும்பும். இதுவோ உச்சியிலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறது. இன்னும் வெட்டப்படாத பாறையே சிற்பிக்கு நிற்கும் தளமாக இருந்ததால் சாரம் கட்டும் தேவை எழவில்லை. ஒரு வரிசை முடிந்த பிறகே அடுத்ததைத் தொட முடிந்தது. முற்றுப்பெற்றிருந்தால் இந்த வேலைமுறையின் தடயங்கள் அனைத்தையும் உளியே அழித்திருக்கும். எனவே இது முடியாமல் போனதற்காக வருந்துபவர்களோடு என்னால் முழுமையாகச் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

அகழிச் சுவரை நெருங்கிப் பார்த்தால், சாய்வாக, ஒன்றையொன்று ஒட்டி இறங்கும் உளித்தடங்கள் தெரிகின்றன. கருங்கல்லில் உள்ள படிகக்கல் துகள்கள் இரும்பைக் காட்டிலும் கடினமானவை. ஆகவே மரத்தைச் சீவுவதுபோல உளி இந்தக் கல்லைச் சீவுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் ஒரு சிட்டிகை கல்லை நொறுக்கித் தள்ளுகிறது, அவ்வளவுதான். உளியின் முனையும் விரைவில் மழுங்கிவிடும் என்பதால், கல்வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொல்லுலை ஒன்று எரிந்துகொண்டிருக்க வேண்டும். உளிகளைக் காய்ச்சி, தட்டி, மீண்டும் பதம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கல்வெட்டுகளில் அரசர்கள் பெயர் பெறும் அளவுக்கு இந்த உலைக்காரர்கள் பெயர் பெறவில்லை.

இத்தனை முரட்டுக் கல்லிலிருந்து வந்திருக்கும் உருவங்கள்தான் வியப்பூட்டுகின்றன. தென்முகத்தில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். ஆலமரத்தடியில் மௌனமாக உபதேசிக்கும் குருவாகவே அவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தோலின்மேல் விரல் படியும் அந்தக் கைகளும், தாளத்தில் லயித்துச் சற்றே சாய்ந்த உடலும் புதியவை. உமையோடு அமர்ந்த சிவனின் உருவமும் அதே நிதானத்தோடு வடிக்கப்பட்டிருக்கிறது. பூதகணங்களில் எந்த இரண்டு முகமும் ஒரே சிரிப்பைச் சிரிக்கவில்லை. பாறையோடு ஒன்றாயிருக்கும் சிற்பத்தில் மூக்கு உடைந்தால் புதுக்கல் வைத்து ஒட்ட வழியில்லை. முகம் முழுவதையும் இன்னும் உள்ளே தள்ளிச் செதுக்க வேண்டியிருக்கும். அப்படியிருந்தும் இந்த முகங்களில் தயக்கத்தின் சாயல்கூட இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கூரை விளிம்பின் வளைவும் அதன்மேல் அமைந்த, கூடுகள் எனப்படும் லாட வடிவ அலங்கார வளைவுகளும் எதையும் தாங்குவதற்காக உருவானவை அல்ல. மரத்தாலும் செங்கல்லாலும் கோயில் எழுப்பிய காலத்தில் தேவையாக இருந்த உறுப்புகள், கல்லுக்கு மாறியபோது வடிவமாக மட்டும் உடன் வந்துவிட்டன. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் பெருமை பேசியது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னும் கழுகுமலைச் சிற்பி மரக்கோயிலின் கூரையைக் கல்லில் நினைவுகூர்ந்துகொண்டிருக்கிறார். கட்டடம் என்பதைவிடக் கட்டடத்தின் சிலை என்று இதைச் சொல்வதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். தந்தை ஓரிடத்திலும் மகன் வேறிடத்திலும் போட்டியிட்டுக் கோயில் செதுக்கியபோது, மகன் முந்திவிட்டான் என்று அறிந்த தந்தை ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிட, வேலை அப்படியே நின்றுபோனதாம். சுவையான கதைதான், ஆனால் கல்லில் தெரிவது ஒரு கையின் வேலை அல்ல. பல கைகள் ஒரே ஒழுங்கில் இயங்கிய பட்டறையின் வேலை. இதைத் ‘தென்னகத்து எல்லோரா’ என்று அழைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்கு எரிமலைப் பாறையை வெட்டி இறக்கிய பிரம்மாண்டம். அளவில் அதனுடன் ஒப்பிட்டால் இது சிறியதாகிவிடும். எடைபோட்டுப் பார்க்கவேண்டியது நுணுக்கத்தைத்தான்.

அதே மலையின் மறுபக்கத்தில், பாறை முகப்பு நெடுகச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கே பாறையை அகழ்ந்து அகற்றவில்லை. மேற்பரப்பில் சில விரற்கடை ஆழத்துக்கு மட்டும் குடைந்து உருவத்தை எடுத்திருக்கிறார்கள். பலவற்றின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் பழந்தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குரத்தியார் எனப்பட்ட பெண் சமண ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரின் சிற்பத்தின் முன் நீண்ட நேரம் நின்றேன். தவத்தில் நிற்பவர்மீது எறிவதற்காக அவருடைய பகைவன் கமடன் ஒரு பெரும் பாறையைத் தூக்குகிறான். நாகர்களின் அரசனான தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். பாறையிலேயே ஒரு பாறையைச் செதுக்கி, அதற்குக் கனத்தையும் கொடுத்த அந்தக் கை எனக்கு மிருதங்கம் வடித்த கைக்குச் சற்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்துப் பாறையில் சிலர் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருப்பதைக் கண்டபோது எரிச்சல்தான் வந்தது.

போக விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. மிருதங்க தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கி அமர்ந்திருப்பதால், சூரியன் தென்புறமாகச் செல்லும் நவம்பர் முதல் சனவரி வரையிலான மாதங்களில்தான் அந்த முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். சித்திரையின் தொடக்கத்திலிருந்து ஆவணியின் முற்பகுதி வரை நடுப்பகலில் சூரியன் வடபுறம் இருக்கும் என்பதால், அப்போது போனால் விரல்களின் நுணுக்கம் நிழலில் மங்கிவிடும். ஒரு தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அகழியின் தென்விளிம்பில் நின்று பார்த்தால் கீழே இறங்காமலே சிற்பம் முழுவதையும் பார்த்துவிடலாம்.