ஜேம்ஸ் ஹாரிசன் பாயாமல் நின்ற நொடி

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் ஹாரிசன் என்றாலே, எதிரணியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்த 100 கெஜ ஓட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, ஓட்டத்துக்கு முந்தைய ஒரு நொடிதான் பெரிது.

2009 பிப்ரவரி 1, டாம்பா நகரில் சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதிப் போட்டி. முதல் பாதி முடிய 18 விநாடிகளே பாக்கி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 10, அரிசோனா கார்டினல்ஸ் 7. பந்து அரிசோனாவிடம், கோல் கோட்டுக்கு இன்னும் ஒரே கெஜம். ஸ்டீலர்ஸ் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டிக் லெபோவின் திட்டப்படி, தடுப்பு வரிசையின் பின்னே ஆடும் லைன்பேக்கரான ஹாரிசன், பந்தை எறியும் குவாட்டர்பேக் கர்ட் வார்னர் மீது பாய வேண்டும். பாயப்போவதுபோல் காட்டிவிட்டு, சட்டென்று பின்வாங்கி உள்பக்கமாக நகர்கிறார். வார்னருக்கு நேரமில்லை, பந்தைக் கிட்டத்திலேயே வேகமாக வீசிவிடுவார் என்று ஹாரிசன் கணக்குப் போட்டிருந்தார். தன் அணியின் அன்குவான் போல்டினுக்கு வார்னர் எறிந்த பந்து நேராக ஹாரிசனின் கைக்கு வந்தது.

பிறகுதான் ஓட்டம். சக வீரர்கள் முன்னால் போய் எதிரணியினரைத் தடுத்துத் தள்ள, சுமார் 110 கிலோ உடம்போடு ஓரக்கோட்டை ஒட்டி ஓடினார். அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் ஸ்டீவ் பிரெஸ்டனும் எட்டிப் பிடித்தும், விழுந்தது எதிர்முனைக் கோல் கோட்டைத் தாண்டித்தான். எழ முடியாமல் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார். ஸ்டீலர்ஸ் கடைசியில் வென்றது 27-23. அந்தப் பந்து போல்டினிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் படபடக்கிறது.

இத்தனைக்கும், ஆட்டத் திட்டங்களைக் கற்றுக்கொள்ளாதவர் என்று ஒருகாலத்தில் பெயர் வாங்கியவர் இவர். ஆரம்ப நாட்களில் தன் வேலை என்னவென்று புரியாவிட்டால் பயிற்சியின் நடுவிலேயே ஆடாமல் நின்றுவிடுவாராம். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது, லீக் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2002 வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஆறடி உயரம் அந்த இடத்துக்குப் போதாது என்றார்கள். ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொள்வதும் நீக்குவதுமாக இருந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் அவரை ஐரோப்பிய லீகுக்கு அனுப்பியது. பிறகு அதுவும் கைவிட்டது. 2004இல் ஸ்டீலர்ஸ் வீரர் கிளார்க் ஹேகன்ஸின் கை முறிந்ததால்தான் ஸ்டீலர்ஸ் கதவு மறுபடி திறந்தது. 2007இல் அதே ரேவன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்றரை சாக் (பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது), கூடவே ஓர் இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). 2008இல் லீகின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது. தேர்வில் எடுக்கப்படாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

அவருடைய எல்லா மோதல்களையும் என்னால் ரசிக்க முடியாது. 2010இல் எதிரணியின் முகமது மாசக்வோயைத் தாக்கியதற்காக 75,000 டாலர் அபராதம், மறு ஆண்டு கோல்ட் மெக்காயின் தலையில் மோதியதற்காக ஓர் ஆட்டத் தடை. இரண்டும் நியாயமான தண்டனைகள் என்றே நினைக்கிறேன்.

2014இல் ஓய்வு அறிவித்தார். சில வாரங்களிலேயே ஸ்டீலர்ஸ் திரும்பக் கூப்பிட்டது, போனார். 2016இல், 38 வயதில், முன்னாள் வீரர் ஜேசன் கில்டனை முந்தி, அந்த அணிக்காக அதிக சாக் எடுத்த சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.