அடிக்கல் போதும், கடலில் கல் போடுங்கள்

போன வாரம் ஒரு ராத்திரி, மணி 11-ஐத் தாண்டிவிட்டது. திருப்பூரிலிருந்து வந்த 40 அடி கன்டெய்னர் பெட்டி ஹார்பர் கேட்டுக்கு வெளியே டிரெய்லரில் நிற்கிறது. கப்பலுக்குக் கட்-ஆஃப், அதாவது பெட்டி உள்ளே போக வேண்டிய கடைசி நேரம், 12 மணி. டிரைவர் போன் போட்டு, "அண்ணாச்சி, முன்னால முப்பது வண்டி நிக்கு, எப்படியும் ஒரு மணி ஆயிரும்" என்றார். அதேதான் நடந்தது, பெட்டி ஏறவில்லை. உள்ளே இருந்தது பனியன் சரக்கு, ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது. தூத்துக்குடியில், கொழும்புக்குப் பெட்டி கொண்டுபோகும் சின்ன ஃபீடர் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஃபீடருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் கொழும்பில் காத்திருந்த மதர் வெசல் என்கிற பெரிய கப்பல் கிளம்பிப் போய்விடும், அடுத்ததற்கு ஒரு வாரம் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். திருப்பூர்க்காரர் போனில் கத்தவில்லை. "சரி, பார்த்துச் செய்யுங்க" என்றார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன்.

ஏற்றுமதிச் சரக்கை அனுப்பிவைக்கிற வேலையில், ஷிப்பிங் பில்லும் சீல் நம்பருமாக இந்த ஊர்த் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவன் நான். டெல்லியிலிருந்து தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு என்ன வர வேண்டும் என்று யாராவது கேட்டால், என்னிடம் இருப்பது பெரிய பட்டியல் அல்ல. வேறு யாரும் செய்ய மாட்டாத வேலைகளை மத்திய அரசு தன் சொந்தக் காசில் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

நம் பெட்டிகள் ஏன் கொழும்பு போகின்றன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தூத்துக்குடியின் ஆண்டுக் கணக்கு 20 அடிப் பெட்டி அளவில் 7 லட்சத்துக்கு மேல். திருப்பூர் பனியன், கரூர் ஜவுளி, பொள்ளாச்சி கயிறு, நம் கடற்கரை இறால் எல்லாம் இந்த வழிதான். ஆனால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பெரிய கப்பல் இங்கே வருவதில்லை. சின்னக் கப்பலில் ஏற்றி, ஓர் இரவுப் பயணத்தில் கொழும்பில் இறக்கி, அங்கே காத்திருந்து பெரிய கப்பலில் மாற்றுகிறோம். நம் ஊர் மட்டுமல்ல, இந்தியாவின் இப்படிக் கப்பல் மாறும் சரக்கில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறுகிறது. அந்தக் கூலி அங்கே போகிறது. கூலியை விடுங்கள், நேரம் நம் கையில் இல்லை என்பதுதான் பெரிய இடி. 2024-ல் செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது கொழும்பில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சீசனுக்குப் போக வேண்டிய துணி சீசன் முடிந்து போய்ச் சேர்ந்தால் யார் வாங்குவார்கள்?

வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டது இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். அந்தப் பாதையில் நம் சரக்கு அடுத்தவன் கப்பலை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் சொத்தை இழந்தார், சிறையில் செக்கிழுத்தார். துறைமுகத்துக்கு அவர் பெயரை 2011-ல் வைத்தார்கள். நல்லது.

இப்போது ஆழத்துக்கு வருவோம். உள்துறைமுகத்தில் தோண்டித் தோண்டி 14.20 மீட்டர் மிதவை ஆழம் (கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழம்) வரை கொண்டுவந்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் திறந்த புது கன்டெய்னர் முனையத்துக்கு அந்த ஆழம் உண்டு. முன்பு இருந்த நிலையோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்றைக்கு ஓடுகிற பெரிய மதர் வெசல் முழுச் சுமையோடு வர 16 மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்குத்தான் இப்போதைய துறைமுகத்துக்கு வெளியே ஆழமான கடல் பக்கம் கட்டத் திட்டமிட்ட வெளித்துறைமுகம். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் இங்கேயே வந்து அடிக்கல் நாட்டினார், மதிப்பீடு 7,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான்.

எனக்கு உறுத்துவது ஒரே விஷயம். வெளித்துறைமுகம் என்றால் கிரேனும் கட்டடமும் பிறகு. முதலில் அலைத்தடுப்புச் சுவர், அப்புறம் கடலடியைத் தோண்டும் வேலை. பணம் முழுங்குவது இவை இரண்டும்தான். இந்தச் செலவை முனையம் நடத்த வருகிற தனியார் தலையில் வைத்தால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டணத்தில் ஏற்றி எடுப்பார். கட்டணம் ஏறினால் கப்பல் கம்பெனிக்குக் கொழும்பே லாபம். கப்பல் வராது, கப்பல் வராத முனையத்தில் பணம் போட யாரும் துணிய மாட்டார்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்போம்.

இன்றைய துறைமுகம் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். இங்கே இயற்கையான ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. 1964-ல் வேலை தொடங்கி, கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கே ஒன்று தெற்கே ஒன்றாக இரண்டு சுவர்கள், லாரி லாரியாகக் கல்லைக் கொட்டி எழுப்பினார்கள். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகம் என்று அறிவித்தார்கள். கரையில் நின்று பார்த்தால் அந்தச் சுவரின் முனை கண்ணுக்கு எட்டாது. அது அரசாங்கம் போட்ட கல். அன்றைக்கு எந்தத் தனியார் கம்பெனியும் அந்தக் கல்லைப் போட்டிருக்காது, போட்டிருந்தால் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது வருடமாக இத்தனை குடும்பம் சோறு தின்பது அந்தக் கல்லால்தான். அதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள் என்று கேட்பதில் என்ன தவறு?

தனியாருக்குக் கட்டுப்படியாகாத பற்றாக்குறையைச் சரிக்கட்ட ஒரு தொகை தருகிறோம் என்று டெல்லியில் சொல்வார்கள். அதைத் திருப்பிக் கேட்காமல் தர வேண்டும். கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மத்திய அரசு 817.80 கோடி ரூபாய் கொடுத்தபோது, பின்னால் வருமானத்தில் பங்கு கொடுத்து அடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கேரளா எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு 2025-ல் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டது. எங்களுக்கு அந்த மாதிரி ஒப்பந்தம் வேண்டாம், அவர்களுக்கும் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

விழிஞ்ஞம்தான் வந்துவிட்டதே, 24,000 பெட்டிக் கப்பலே வந்து போகிறதே, தூத்துக்குடிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விழிஞ்ஞத்தில் ஆழம் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்களிடம் சரக்கு இருக்கிறது. தென் தமிழ்நாடும் கொங்கும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிற துறைமுகம் இது. 2016-ல் கன்னியாகுமரி மாவட்டத்து இனயத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கொள்கை ஒப்புதல் என்று அறிவித்து, மீனவர்கள் கொதித்தெழ, இடத்தை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றும் நடக்காமல் போன வருடங்களில் இங்கே ஒரு கல்லைப் போட்டிருக்கலாம். டெல்லிக்கு ஒவ்வொரு கடற்கரையிலும் ஒரு கனவு இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஓடுகிற துறைமுகத்தைக் காக்க வைத்துவிட்டுப் புதிதாக வரைபடம் போடுவது எந்த விதத்தில் சரி?

இன்னொன்று, ஹார்பர்க்காரர்கள் பேசத் தயங்குவது. இந்தக் கடல் எங்களுடையது மட்டும் அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவு கரைந்துகொண்டே வந்து, செயற்கைப் பவளப்பாறைத் தொகுதிகளை இறக்கித்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற என் பள்ளித் தோழன் ஒருவன் சொன்னான், "நீங்க தோண்டுற அன்னைக்கு எங்களுக்கு அடியில ஒண்ணும் தெரியாதுடா, கலங்கிப் போயிரும்." அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது, எந்த மாதங்களில் தோண்டக் கூடாது, அத்தனை நாள் தொழில் போகிறவர்களுக்கு என்ன கொடுப்பது, இவையெல்லாம் திட்டச் செலவிலேயே முதல் வரியாக வர வேண்டும். வேலை முடிந்த பிறகு மனு கொடுத்துக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க வைக்கக் கூடாது.

பசுமை ஹைட்ரஜன் மையமாகக் கண்ட்லா, பாரதீப்போடு தூத்துக்குடியையும் அறிவித்திருக்கிறார்கள். நல்ல யோசனை. நிலக்கரி இறக்குமதியையே நம்பி இந்தத் துறைமுகம் எத்தனை காலம் ஓட முடியும்? ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நாளைக்கே ஒன்று செய்யலாம் என்றால் ரயில் பாதைதான். கேட்டில் அந்த முப்பது வண்டி ஏன் நின்றது? திருப்பூர், கரூர் சரக்கில் பெரும்பகுதி சாலையில்தான் வருகிறது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் லட்சணம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய், பராமரிக்காத சாலைக்குச் சுங்கம் வசூலிக்காதே என்று 2025 ஜூனில் உத்தரவே வந்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, சுங்கம் மறுபடி ஓடுகிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் புதுப் பாதை என்று 2011-12-லேயே ஒப்புதல் வாங்கினார்கள். எங்கள் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டார்கள். 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் இந்தத் திட்டம் கைவிடப்பட்டதாகச் சொல்லி, மறுபடி, இல்லை, அது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றிய பேச்சு, காதில் தவறாக விழுந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. அந்த ஒன்றிரண்டு நாளில் ஊரில் எத்தனை பேருக்கு வயிறு கலங்கியது என்று எனக்குத் தெரியும்.

மீதி இருக்கும் 125 கிலோமீட்டருக்கும் நிலம் எடுத்துத் தண்டவாளம் போடுங்கள். ஒரு சரக்கு ரயில் ஒரே மூச்சில் 90 இருபதடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து துறைமுகத்துக்குள்ளேயே இறக்கும். அத்தனை பெட்டிக்கும் இன்றைக்கு எத்தனை டிரெய்லர், எத்தனை டிரைவர், எத்தனை ராத்திரி என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு ஏறாமல் போன பெட்டி வெள்ளிக்கிழமை ஃபீடரில் ஏறிவிட்டது. கொழும்பில் எந்த மதர் வெசலில் இடம் என்று இதை எழுதுகிற வரை தகவல் வரவில்லை.