பூப் போட்ட பெயருக்கு எழுபது விழுக்காடு

கல்லூரி ஆசிரியர்களுக்கான பணி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அடுத்த நிலைக்கு நான் கொடுத்த விண்ணப்பம் ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. பணிப்பதிவேடு, புத்தாக்கப் பயிற்சிச் சான்றிதழ்கள், கல்லூரி முதல்வரின் பரிந்துரை எதிலும் சிக்கல் இல்லை. அலைக்கழித்தது முழுவதும் ஆய்வுக் கட்டுரைகளின் கணக்குத்தான். மூலக்கூறு உயிரியலில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகவே நேரும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இருவருக்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கும் இதழோடு கடிதத் தொடர்பைக் கவனிக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் மதிப்பெண்ணில் 70 விழுக்காடும், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் உண்டு. குளோனிங் செய்தவர், புரதத்தைப் பிரித்தெடுத்தவர், சீக்வென்ஸ் தரவை அலசியவர் என ஐந்தாறு பெயர்கள் சேராமல் நம் துறையில் கட்டுரை வெளிவருவது அரிது. என் முக்கியமான கட்டுரையில் என் பெயர் இரண்டாவது. ஆனால் முதல் இரு பெயர்களுக்கும் நட்சத்திரக் குறியிட்டு, இருவரும் சமமாகப் பங்களித்தவர்கள் என அடிக்குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். வேலூரில் கோப்பைச் சரிபார்த்த எழுத்தர், ஸ்டீல் ஸ்கேலைப் பெயர் வரிசைக்குக் கீழே வைத்து விரலால் எண்ணிக்கொண்டே வந்து, "நீங்க ரெண்டாவதா இருக்கீங்களே மேடம், முப்பதுதான் வரும்" என்றார். நட்சத்திரத்தைக் காட்டினேன். "அது ஏதோ பூ போட்டிருக்காங்க, அதுக்கெல்லாம் மார்க் கிடையாது" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

என் பழைய வழிகாட்டியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக மறுபடி பேருந்தில் போய்ச் சேர்ந்தால், எழுத்தர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க ரத்தினகிரிக்குப் போயிருந்தார். கோப்பு அவருடைய பீரோவில், சாவி அவருடைய இடுப்பில். புறப்படும் முன் தொலைபேசியில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். "இருப்பார், வாங்க" என்று சொன்னவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கடிதம் கேட்பவர்கள், சமப் பங்களிப்பு என்ற சொல்லோடு அடிக்குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டு வாங்குங்கள். எனக்கு 70 கிடைத்தது அந்தப் பக்க எண்ணால்தான்.

அடுத்தது இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்ற எண். அது 1க்கும் 2க்கும் இடையே இருந்தால் 15 மதிப்பெண், 2க்கும் 5க்கும் இடையே இருந்தால் 20 என்று அட்டவணை போகிறது. விதியில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலை வெளியிட்டுவந்த அந்நிறுவனத்தின் பிரிவோ 2016லேயே விற்கப்பட்டுக் கிளாரிவேட் என்று பெயர் மாறிவிட்டது, அதாவது விதி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. நான் கொண்டுபோன தாளில் கிளாரிவேட் என்றிருந்ததால் அது வேறு நிறுவனத்தின் பட்டியல் என்று திருப்பிவிட்டார்கள். விற்பனை அறிவிப்பை அச்சிட்டு, முதல்வரின் சான்றொப்பத்துடன் இணைத்த பிறகே ஏற்றார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புது எண் வரும். இதழின் மதிப்பு ஏறி இறங்கும். ஆகவே கட்டுரை வெளியான ஆண்டின் பக்கத்தை அப்போதே சேமித்து வைப்பது நல்லது. தனி ஆய்வாளரை எடைபோட இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்களின் கூட்டத்தில் எழுந்த பிரகடனம் எனக்கும் தெரியும். அந்த மேசையில் அதை எடுத்துப் பேசும் தெம்பு எனக்கு இருக்கவில்லை.

மேற்கோள் கணக்கு வேறொரு கூத்து. திருமணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து, குடும்பப் பெயர் கட்டாயம் என்ற இதழ்களில் அப்பாவின் முழுப்பெயர் என்று என் பெயர் அச்சாகியிருந்ததால், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் என்னை மூன்று ஆட்களாகப் பிரித்து வைத்திருந்தது. மேற்கோள்களைக் கூட்டிவிடலாம், எச்-இண்டெக்ஸைக் கூட்ட முடியாது (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் அது 10). கட்டுரைகள் அனைத்தும் ஒரே பெயரின்கீழ் வந்தால்தான் அது சரியாக வரும். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் நிலைமை தலைகீழ்: சிஎம்சியிலிருந்தும் விஐடியிலிருந்தும் கட்டுரைகள் குவியும் ஊர் வேலூர் என்பதால், என் பெயரே கொண்ட ஒரு மருத்துவரின் இதயநோய்க் கட்டுரைகளும் என் பக்கத்தில் ஏறியிருந்தன. அவற்றை நானே நீக்கினேன். எண்ணிக்கை சரிந்தது, மனம் கொஞ்சம் வலித்தது. ஸ்கோபஸில் பெயர்களை இணைக்கும் கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணையும் எடுத்து அதனுடன் இணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, கட்டாக அடுக்கிக் கொடுத்தபோது, எழுத்தர் மேற்கோள் தாள்களை மட்டும் உருவி என் கையிலேயே கொடுத்தார். மதிப்பெண் அட்டவணையில் மேற்கோளுக்கு இடமே இல்லையாம். நானும் அட்டவணையைப் படித்தேன், அவர் சொன்னது சரிதான். அந்தத் தாள்கள் இப்போது நான் தயாரிக்கும் ஆய்வுத் திட்ட விண்ணப்பத்தோடு போகின்றன. அந்தப் படிவத்தில் எச்-இண்டெக்ஸுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.