நான்கு மீட்டர்

ஜனவரி 11, 2025
இன்றும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கான பட்டியல் போர்டில் என் பெயர் இல்லை.

ஜனவரி 12
ஆடாதவர்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேலே உட்கார வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. சியோலில் நான் பழகிய பனித்தளம் 30 மீட்டர் அகலம், இங்கே கனடாவில் 26. நான்கு மீட்டர்தான் குறைவு. ஆனால் பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, வந்ததும் தலைநிமிர்ந்து யாருக்குத் தள்ளலாம் என்று பார்ப்பேனே, அந்த ஒரு நொடி அந்த நான்கு மீட்டரில்தான் இருந்திருக்கிறது. இங்கே நிமிர்வதற்குள் ஒருவன் தோளால் இடித்துச் சுவரோடு சேர்த்துவிடுகிறான்.

ஜனவரி 15
முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. கோச்சிடம் சொன்னேன். "சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19
நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா, "ஜிம் பேக் உங்கள் ஊர்தானே?" என்று கேட்டார். ஆமாம், சியோலில் பிறந்தவர். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.லில் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடி 1991, 1992 இரண்டு வருடமும் அதன் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வாங்கியவர். 2017இல் எங்கள் தேசிய அணியை உலகப் போட்டியின் மேல்பிரிவுக்கு ஏற்றிய கோச்சும் அவர்தான். ஆனால் கைக்குழந்தையாகவே கனடா வந்துவிட்டார். நான் வந்தது பதினாறில். கொரியாவிலேயே ஆட்டம் பழகி என்.ஹெச்.எல். வரை போனவர் ஒருவர்கூட இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

ஜனவரி 24
மைனஸ் 24. பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஆடக் கிடைத்தது நான்கு ஷிஃப்ட், அதாவது நான்கு தடவை கொஞ்ச நேரம் பனியில் இறங்கியது.

ஜனவரி 26
அம்மா பேசினார். எனக்கு இரவு பத்து, அங்கே மறுநாள் மதியம். சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ராணுவ உடல்தகுதிப் பரிசோதனை இந்த வருடம்தான், ஞாபகம் இருக்கிறதா என்றார்.

இருக்கிறது. பத்தொன்பது ஆகும் வருடம் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதான். பிறகு 18 மாதம் ராணுவத்தில். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால் விலக்கு உண்டு. 2017இல் சப்போரோவில் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளி, தங்கம் கஜகஸ்தானுக்கு. தள்ளிப்போடலாம்தான், எத்தனை வருடம்? 18 மாதம் பனியை விட்டு இருந்தால் கால் மறந்துவிடுமா? இரண்டு வாரம் ஆடாததற்கே திரும்பும்போது இடது கால் தயங்குகிறது.

தூக்கம் வரவில்லை. ஸ்கேட்டை மடியில் வைத்து, கட்டைவிரல் நகத்தைக் கத்தியின் விளிம்பில் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத் தூள் படிந்தது. உள்விளிம்பு சரி. வெளிவிளிம்பில் ஒரு இடத்தில் வழுக்கியது.

பிப்ரவரி 2
ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8
ஒரு அசிஸ்ட்! நான் தள்ளிக் கொடுத்ததில் கோல். நிமிரவே இல்லை. அவன் அங்கே இருப்பான் என்று தெரியும், தள்ளினேன், இருந்தான். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 15
ஏழு வருடம் ஆகிறது. கங்னுங் ஹாக்கி அரங்கம், பக்கத்தில் அப்பா, எனக்குப் பதினோரு வயது. எதிரணி செக். சோ மின்-ஹோ அடித்தார். ஒலிம்பிக்கில் கொரிய ஆண்கள் அணியின் முதல் கோல். அப்பா என்னைத் தூக்கினார். தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன், இருந்தும் தூக்கினார். 2-1 என்று தோற்றோம். காரில் வழி நெடுக அந்த ஒரு கோலைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

சோ மின்-ஹோ 2022 ஜூனில் போய்விட்டார். நுரையீரல் புற்றுநோய். 35 வயது. மறுநாள் பயிற்சியில் எல்லோரும் வட்டமாக நின்று ஸ்டிக்கால் பனியைத் தட்டினோம். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

கங்னுங் தளமும் 30 மீட்டர்தான்.

பிப்ரவரி 18
போர்டில் பெயர் இருக்கிறது. இரண்டாவது லைன், சேர்ந்து இறங்கும் முன்கள மூவரில் ஒருவன். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். ஸ்கேட்டைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன், வெளிவிளிம்பைக் கவனிக்கச் சொல்லி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே விடியற்காலை நான்கு மணி.